அட்ரீனல் சுரப்பியும் ஸ்ட்ரெஸ்ஸும்: எங்கிட்ட அடிக்கடி கேக்குற கேள்விகள்

அம்மாவுக்கு அட்ரீனல் வேலை செய்யலன்னு தெரிஞ்சு ஒன்பது வருஷம் ஆகுது. அப்போலருந்து சொந்தக்காரங்க, கூட வேலை பாக்குறவங்க, இதே நோய் இருக்கறவங்க வீட்டு ஆளுங்கன்னு பலபேர் திரும்பத் திரும்ப கேக்குறது இந்தக் கேள்விகளத்தான். ஒரே எடத்துல எழுதி வச்சுட்டா கேக்குறவங்களுக்கு அனுப்பிடலாமேன்னு உக்காந்தேன். நான் டாக்டர் கிடையாது, அம்மாவ பாக்குற ஹார்மோன் டாக்டர்கிட்ட கேட்டுக் கேட்டும், படிச்சும் தெரிஞ்சுக்கிட்டது இது. மாத்திரை அளவு பத்தி நான் என்ன எழுதியிருந்தாலும் உங்க டாக்டர்கிட்ட பேசாம எதையும் மாத்தாதீங்க.

அட்ரீனல்னா என்ன? எங்க இருக்கு?

ரெண்டு கிட்னிக்கும் மேல தொப்பி வச்ச மாதிரி ஆளுக்கு ஒண்ணு உக்காந்திருக்கும். ஒண்ணோட எடை 4, 5 கிராம்தான். வலது பக்கத்துது முக்கோணமா இருக்கும், இடது பக்கத்துது பிறை மாதிரி. கிட்னி மேல இருக்குன்னு பேரே தவிர மூத்திரத்துக்கும் அதுக்கும் நேரடி சம்பந்தம் இல்ல. 16ஆம் நூற்றாண்டுலயே இத்தாலில யூஸ்டாச்சிங்கறவர் இத பாத்து எழுதிட்டார், ஆனா எதுக்கு இருக்குன்னு அதுக்கப்புறம் முந்நூறு வருஷம் யாருக்கும் பிடிபடல. 1855ல லண்டன்ல தாமஸ் அடிசன்ங்கற டாக்டர், உடம்பு கறுத்து, சோர்ந்து, இளைச்சு செத்துப்போனவங்கள அறுத்துப் பாத்தப்போ இந்தச் சின்ன சுரப்பி கெட்டுப் போயிருந்தத பாத்தார். இது இல்லாட்டி ஆள் பிழைக்க முடியாதுன்னு அங்கருந்துதான் தெரிய ஆரம்பிச்சுது.

இதுக்குள்ள ரெண்டு சுரப்பி இருக்குன்னு சொல்றாங்களே?

ஆமா, ஒரு மாம்பழத்துல சதையும் கொட்டையும் இருக்கற மாதிரி. உள்ள இருக்கற கொட்டைப் பகுதிதான் அட்ரினலினும் நார்அட்ரினலினும் சுரக்குது, அது கிட்டத்தட்ட நரம்பு மண்டலத்தோட நீட்சி, மூளைலருந்து நரம்பு வழியா நேரா ஆர்டர் வரும். வெளிய இருக்கற சதைப் பகுதி மூணு அடுக்கு. மேலடுக்கு ஆல்டோஸ்டீரான், இது உப்பையும் தண்ணியையும் பிடிச்சு வைக்கற ஹார்மோன். நடு அடுக்கு கார்டிசால். உள்ளடுக்குல கொஞ்சம் ஆண் ஹார்மோன் வகை. நடு அடுக்குக்கு ஆர்டர் ரத்தம் வழியா வருது, அதனாலதான் கொஞ்சம் லேட்டா வேலை செய்யும்.

திடீர்னு பயந்தா நெஞ்சு படபடன்னு அடிக்குதே, அது எது?

அட்ரினலின். நைட்டு பைக்ல வர்றப்போ நாய் குறுக்க பாயுது, பிரேக் பிடிச்சு நிறுத்திடுறோம், அதுக்குள்ள நெஞ்சு அடிச்சுக்குது, கை நடுங்குது, வாய் காஞ்சு போகுது. அந்த ஒண்ணு ரெண்டு செகண்டுல மூச்சுக்குழாய் விரிஞ்சு, கல்லீரல் சேத்து வச்ச சக்கரைய ரத்தத்துல அவுத்து விட்டு, வயித்துக்குப் போற ரத்தத்த குறைச்சு காலுக்கும் கைக்கும் திருப்பி விட்டாச்சு. இத "சண்டை போடு இல்ல ஓடு"ன்னு 100 வருஷம் முன்னாடியே வால்டர் கேனன்ங்கற அமெரிக்க விஞ்ஞானி விளக்கிட்டார். அட்ரினலின் ரத்தத்துல நிக்கறது ரெண்டு மூணு நிமிஷம், அதுக்குள்ள பாதி கரைஞ்சிடும். அதனாலதான் வண்டிய ஓரம் கட்டி கொஞ்ச நேரம் நின்னா நடுக்கம் தானா அடங்குது.

நரம்புகளே நேரடியா நார்அட்ரினலின் விடும்ங்கறதால அட்ரீனல் போனவங்களுக்கும் திக்குனு பயம் வரும். அம்மா மேல பல்லி விழுந்தா இப்பவும் அதே அலறல்தான்.

அப்போ கார்டிசால் எப்போ வருது?

மூளைல ஹைப்போதலாமஸ்னு ஒரு பகுதி, அது பக்கத்துலயே தொங்குற பிட்யூட்டரிக்கு சொல்லும், பிட்யூட்டரி ஏசிடிஎச்னு ஒரு ஹார்மோன ரத்தத்துல விடும், அது அட்ரீனல் வந்து சேந்து கார்டிசால் சுரந்து ரத்தத்துல உச்சத்துக்கு வர இருபது முப்பது நிமிஷம் ஆகும். அதாவது நாய் போய், நீங்க வீட்டுக்கு வந்து, செருப்ப கழட்டி, நடந்தத வீட்டுல சொல்லிட்டு இருக்கறப்போதான் கார்டிசால் மேல ஏறிட்டு இருக்கும்.

எனக்கு இத புரிய வச்ச உதாரணம் ஒண்ணு சொல்றேன். அட்ரினலின் பர்ஸ்ல இருக்கற காசு, சட்டுன்னு எடுத்து நீட்டலாம், சட்டுன்னு தீந்துரும். கார்டிசால் நகைய அடகு வைக்கற மாதிரி. தசைல இருக்கற புரதத்த உடைச்சு, கொழுப்ப உடைச்சு, கல்லீரல்ல புதுசா சக்கரை பண்ணி மூளைக்கு அனுப்பும், ரத்தக்குழாய் அட்ரினலினுக்கு ஒழுங்கா பதில் சொல்ற மாதிரி வச்சு பிபி விழாம பாத்துக்கும், எதிர்ப்பு சக்தி கட்டுமீறி வீக்கம் உண்டாக்காம அடக்கும். அவசரத்துக்கு அடகு வச்சு வேலை முடிஞ்சதும் மீட்டுட்டா ஒரு கெடுதலும் இல்ல, மீட்காம மாசக்கணக்குல விட்டாத்தான் வட்டி ஏறுது. மீட்கச் சொல்ற ஏற்பாடும் உடம்புலயே இருக்கு. ரத்தத்துல கார்டிசால் போதுமான அளவு ஏறினதும் அதுவே மூளைக்குப் போய் போதும் நிறுத்துன்னு சொல்லும்.

கார்டிசால் கெட்ட ஹார்மோன்தானே? எப்படி குறைக்கறது?

இந்தக் கேள்வி வர்றப்போ எனக்கு மனசு கஷ்டமா இருக்கும். கார்டிசால் இல்லாம ஒரு மனுஷி என்ன ஆனாங்கன்னு நான் கண்ணால பாத்திருக்கேன். யூடியூப்ல கார்டிசால குறைங்க, கார்டிசால்தான் தொப்பைக்குக் காரணம், கார்டிசால் முகம்னு வீடியோ மேல வீடியோ. காலைல நீங்க கண்ணு முழிச்சு எழுந்து நிக்கறதுக்கே கார்டிசால் வேணும். விடியக்காலைலருந்தே ஏறி எழுந்துக்கற நேரத்த ஒட்டி உச்சத்துல இருக்கும், பகல்ல கொஞ்சம் கொஞ்சமா எறங்கி நடுராத்திரி தரைமட்டத்துக்கு வரும். இந்த ஏத்த எறக்கம்தான் ஆரோக்கியம். நைட் ஷிப்ட் மாறி மாறி பாக்குறவங்களுக்கு உடம்பு படுத்தறதுக்கு இந்தத் தாளம் குலையறதும் ஒரு காரணம்.

ஸ்ட்ரெஸ்னா டென்ஷன், கவலை மட்டும்தானா?

இல்ல, இத நிறைய பேர் விட்டுடறாங்க. அட்ரீனலுக்கு காய்ச்சலும் ஸ்ட்ரெஸ், ஆபரேஷனும் ஸ்ட்ரெஸ், எலும்பு முறிஞ்சாலும், வாந்தி பேதி ஆனாலும், சுகர் லோ ஆனாலும் ஸ்ட்ரெஸ்தான். 1936ல ஹான்ஸ் செல்யேங்கறவர் எலிகள குளிர்ல வச்சு, காயப்படுத்தி, அளவுக்கு மீறி ஓட விட்டு, வேற வேற மருந்து குத்தி, எப்படி படுத்தினாலும் உள்ள அதே மூணுதான் நடக்குதுன்னு கண்டார்: அட்ரீனல் வீங்கும், தைமஸ் (நெஞ்சுக்குள்ள இருக்கற எதிர்ப்பு சக்தி சுரப்பி) சுருங்கும், வயித்துல புண்ணு வரும்.

மனசு பக்கம் பாத்தா, அடுத்தவங்க நம்மள எடை போடுறாங்கங்கற நெனப்பு கார்டிசால நல்லா ஏத்தும். ஜெர்மனில ட்ரியர் யுனிவர்சிடில 1993ல ஒரு டெஸ்ட் உருவாக்கினாங்க, இன்னிக்கும் உலகம் பூரா அதத்தான் பயன்படுத்தறாங்க. ஆள கூப்ட்டு, முகத்துல எந்த உணர்ச்சியும் காட்டாம உக்காந்திருக்கறவங்க முன்னாடி அஞ்சு நிமிஷம் பேசச் சொல்லுவாங்க, அப்புறம் 1022லருந்து பதிமூணு பதிமூணா கழிச்சுட்டே வான்னு வாய்விட்டு சொல்ல வைப்பாங்க, தப்பு பண்ணா மறுபடி முதல்லருந்து. எச்சில் எடுத்துப் பாத்தா கார்டிசால் ரெண்டு மூணு மடங்கு ஏறியிருக்கும். பொண்ணு பாக்க வர்ற அன்னிக்கு, வைவா அன்னிக்கு, இன்டர்வியூ அன்னிக்கு நமக்கு ஆகறது இதேதான். கார்டிசால் எகிறி இருக்கறப்போ படிச்சது ஞாபகத்துக்கு வர்றது தடுமாறும், ஆக எக்ஸாம் ஹால்ல மறந்துட்டு வெளிய வந்ததும் ஞாபகம் வந்துச்சுன்னு புள்ள சொன்னா பொய் சொல்லுதுன்னு நெனைக்காதீங்க.

மாசக்கணக்கா ஸ்ட்ரெஸ்லயே இருந்தா என்ன ஆகும்?

தூக்கம் கெடும், தூக்கம் கெட்டா சாயங்கால கார்டிசால் இன்னும் எறங்காம நிக்கும். சுகர் இருக்கறவங்களுக்கு சாப்பாட்டுல ஒண்ணுமே மாத்தாம சுகர் ஏறும், பிபி ஏறும், சளி காய்ச்சல் சீக்கிரம் தொத்தும், காயம் ஆற லேட்டாகும், சில பெண்களுக்கு பீரியட்ஸ் தள்ளிப் போகும். இதெல்லாம் கார்டிசால் ஒண்ணால மட்டும் வர்றதில்ல, ஸ்ட்ரெஸ்ல இருக்கறப்போ நாம சாப்பிடறது, தூங்கறது, குடிக்கறது எல்லாமே மாறிடுதே, அதையும் சேத்துத்தான் பாக்கணும்.

ஸ்ட்ரெஸ் அதிகமாகி அட்ரீனல் களைச்சுப் போயிடும், அட்ரீனல் ஃபடீக்னு சொல்றாங்களே?

அப்படி ஒரு நோய் கிடையாது. 1998ல ஒரு அமெரிக்கர் கிளப்பி விட்ட பேர் அது. 2016ல ரெண்டு பிரேசில் டாக்டர்கள் 58 ஆய்வுகள சேத்து அலசிப் பாத்து அதுக்கு ஆதாரமே இல்லன்னு எழுதிட்டாங்க. ஸ்ட்ரெஸ் அதிகமானா அட்ரீனல் சுருங்காது, செல்யேவோட எலி மாதிரி பெருசாத்தான் ஆகும். ஆனா அந்தப் பேர வச்சு ஆன்லைன்ல பாட்டில் பாட்டிலா விக்கறாங்க. அமெரிக்காவுல அந்த மாதிரி 12 சப்ளிமெண்ட் வாங்கி டெஸ்ட் பண்ணி 2018ல வெளியிட்டாங்க, 12லயும் கொஞ்சம் தைராய்டு ஹார்மோன், 12ல பாதிக்கு மேலானதுல ஸ்டீராய்டும் இருந்துச்சு, லேபிள்ல அது ஒண்ணும் இல்ல.

உங்க களைப்பு பொய்னு நான் சொல்லல. களைப்பு நிஜம். ரத்தசோகை, தைராய்டு, சுகர், பி12, குறட்டையோட வர்ற தூக்கக் கோளாறு, மனச்சோர்வு, இதெல்லாம் பாத்து பிடிக்கணும். இல்லாத நோய்க்குப் பேர் வச்சு மருந்து சாப்பிட்டுட்டு இருந்தா இருக்கற நோய் உள்ள வளந்துட்டே இருக்கும்.

உங்க அம்மாவுக்கு என்னதான் ஆச்சு?

அம்மா கறுத்துட்டே வந்தாங்க. முதல்ல யாரும் கண்டுக்கல, தோட்டத்து வெயில்னு விட்டுட்டோம், அம்மாவே அப்படித்தான் சொல்லுவாங்க. ஆனா வெயில் படாத எடமெல்லாம் கறுத்திருந்துச்சு. உள்ளங்கை ரேகை மை தடவின மாதிரி, விரல் முட்டி கறுப்பு, ஈறு நீலக்கறுப்பு, பழைய ஆபரேஷன் தழும்பு கூட கறுப்பு. கார்டிசால் வராததால பிட்யூட்டரி ஏசிடிஎச்ச கொட்டிட்டே இருக்கும், அதுதான் தோல் நிறத்தையும் தூண்டி விடுது. நம்ம தோல்ல இது சட்டுன்னு தெரியாது, அதனால ஈறையும் உள்ளங்கை ரேகையையும் பாருங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருக்கேன்.

இன்னொண்ணு உப்பு. கொழம்பு கூட்டுறப்போ கல்லுப்பு ஜாடிலருந்து ரெண்டு கல்ல எடுத்து வாய்ல போட்டுக்குவாங்க, சாப்பிட உக்காந்தா தட்டு ஓரம் பூரா ஊறுகாய். ஆல்டோஸ்டீரான் இல்லாம உடம்பு உப்ப பிடிச்சு வைக்க முடியாம மூத்திரத்துல விட்டுட்டு இருந்திருக்கு, நாக்கு அத கேட்டுருக்கு. எங்களுக்கு அது அம்மாவோட ருசின்னுதான் தெரிஞ்சுது. பதினோரு கிலோ எடை குறைஞ்சாங்க, எழுந்து நின்னா கண்ணு இருட்டும், அடிக்கடி குமட்டல். பாத்த எடத்துல கேஸ் ட்ரபுள்னு எட்டு மாசம் மாத்திரை, எண்டோஸ்கோபி, மறுபடி கேஸ் மாத்திரை.

அப்புறம் ஒரு சாதாரண வைரல் காய்ச்சல். எங்களுக்கெல்லாம் மூணு நாள்ல சரியாச்சு, அம்மா ரெண்டாவது நாள் வாந்தி எடுத்து பேச்சு குழறி மயங்கிட்டாங்க. பிபி 70. நைட் டியூட்டில இருந்த சின்னப் பொண்ணு டாக்டர் டார்ச் அடிச்சு ஈற பாத்துட்டு, "முன்னாடி டிபி இருந்துச்சாங்க?"ன்னு கேட்டாங்க. இருந்துச்சு, நான் ஸ்கூல் படிக்கறப்போ. சோடியம் தரைல, பொட்டாசியம் மேல. ரிசல்டுக்குக் கூட காத்திருக்காம ரத்தம் எடுத்து வச்சுட்டு ஹைட்ரோகார்டிசோன் (மருந்தா வர்ற கார்டிசால்) 100 மில்லிகிராம் நரம்புல போட்டு சலைன ஓட விட்டாங்க. விடியறப்போ அம்மா எழுந்து உக்காந்து காபி கேட்டாங்க. அந்த ஈற பாத்த டாக்டர இன்னிக்கும் நெனச்சுக்கறேன்.

இது எதனால வருது?

மேலை நாடுகள்ல பெரும்பாலும் உடம்போட எதிர்ப்பு சக்தியே அட்ரீனல தாக்கறதால வருது. நம்ம ஊர்ல அதோட டிபியும் முக்கியமான காரணம், நுரையீரல்லருந்து ரத்தம் வழியா போய் அட்ரீனல்ல உக்காந்துக்கும், வருஷங்கள் கழிச்சு கூட வெளிய தெரியும். அட்ரீனல் நல்லா இருந்து ஆர்டர் போடுற பிட்யூட்டரி கெட்டாலும் கார்டிசால் வராது. பிரசவத்துல ரத்தம் அளவுக்கு மீறி போய் பிட்யூட்டரி செத்துப்போற பெண்கள் இருக்காங்க, பால் சுரக்காது, பீரியட்ஸ் திரும்ப வராது, வருஷக்கணக்கா சோர்வு, யாரும் அத பிரசவத்தோட சேத்துப் பாக்க மாட்டாங்க. கண்ணாடி விரியன் கடிச்சு பிழைச்சவங்களுக்கும் சில பேருக்கு பிட்யூட்டரி போயிடும். வீட்டுல அப்படி யாராவது இருந்து எப்பவும் சோர்வாவே இருந்தா டாக்டர்கிட்ட பழைய கதைய கண்டிப்பா சொல்லுங்க.

ஸ்டீராய்டு மாத்திரைய பயந்து நிறுத்திடலாமா?

கூடாது. திடீர்னு நிறுத்தவே கூடாது. இந்தப் பக்கத்துல ஒரே ஒரு பதில படிக்கறதா இருந்தா இத படிங்க.

வீசிங், முடக்குவாதம், தோல் நோய், கிட்னி நோய்னு எத்தனையோ பேர் ப்ரெட்னிசோலோன் சாப்பிடறாங்க. அது கார்டிசால் மாதிரியே வேலை செய்யற மருந்து. வெளிலருந்து தினமும் வந்துட்டே இருந்தா மூளை, சரக்கு இருக்கேன்னு ஆர்டர் போடறத நிறுத்திடும், அட்ரீனல் வேலை இல்லாம சுருங்கிடும். மூணு நாலு வாரத்துக்கு மேல தினமும் 5 மில்லிகிராம், அதுக்கு மேல சாப்பிட்டாலே இது ஆகலாம். அப்போ மாத்திரைய ஒரே நாள்ல நிறுத்தினா வெளிலருந்தும் இல்ல, உள்ளருந்தும் இல்ல. அட்ரீனல் மறுபடி முழிச்சுக்க வாரங்கள், சில பேருக்கு மாசங்கள் கூட ஆகும். அதனாலதான் டாக்டர் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுட்டு வர்றாங்க.

சீட்டு இல்லாம மெடிக்கல்ல மூட்டு வலிக்கு வாங்கற செட் மாத்திரைல சின்ன வெள்ளை மாத்திரை ஒண்ணு இருக்கும் பாருங்க, பலநேரம் ஸ்டீராய்டுதான். ஒரே நாள்ல வலி பறந்துடுச்சேன்னு சந்தோஷப்பட்டு மாசக்கணக்கா சாப்பிடறாங்க. பேர் தெரியாத பொடி, லேகியத்துல கலந்து விக்கறதும் நடக்குது. அவங்களுக்கு தான் ஸ்டீராய்டு சாப்பிடறோம்னே தெரியாது, நிறுத்திட்டு காய்ச்சல் வந்து விழுந்தா பாக்குற டாக்டருக்கும் தெரியாது. என்ன சாப்பிட்டாலும் அட்டைய தூக்கிப் போடாம வச்சிருங்க.

அட்ரீனல் இல்லாதவங்களுக்கு காய்ச்சல் வந்தா என்ன பண்ணணும்?

நமக்கு காய்ச்சல் வந்தா அட்ரீனல் தானா கார்டிசால கூட்டிக்கும். அம்மாவுக்கு அத நாங்கதான் கூட்டணும். டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கார்: காய்ச்சல் அடிச்சா ஹைட்ரோகார்டிசோன் ரெண்டு மடங்கு, ரொம்ப அடிச்சா மூணு மடங்கு, சரியாகற வரைக்கும், அப்புறம் பழைய அளவு. வாந்தி எடுத்து மாத்திரை உள்ள நிக்கலன்னா வீட்டுல இருக்கற 100 மில்லிகிராம் ஊசிய தொடைல போட்டுட்டு நேரா ஆஸ்பத்திரி. ஆபரேஷன், பல் பிடுங்கறதுன்னா முன்னாடியே சொல்லிடணும்.

இத ஒழுங்கா பாத்துக்கிட்டா மத்தபடி சாதாரண வாழ்க்கைதான். அட்ரீனலே கெட்டுப்போற இந்த நோய்க்கு அந்த டாக்டர் பேர வச்சு அடிசன் நோய்னு பேர், அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு 1947லயே இத கண்டுபிடிச்சாங்க, அந்த உடம்போடதான் 1961ல பதவி ஏத்தார்.

எல்லாரும் கார்டிசால் டெஸ்ட் எடுக்கலாமா?

தேவையில்ல. மாஸ்டர் செக்கப்ல சேத்து மதியம் எடுத்த கார்டிசால வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. சந்தேகம் இருந்தா காலைல 8 மணி வாக்குல எடுப்பாங்க, (டெசிலிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்குல) 3க்கு கீழ இருந்தா கிட்டத்தட்ட உறுதி, நல்லா 15, 18ன்னு இருந்தா அனேகமா பிரச்சனை இல்ல, நடுவுல இருந்தா ஏசிடிஎச் ஊசி போட்டு அட்ரீனல் எழும்புதான்னு பாப்பாங்க. கருத்தடை மாத்திரை சாப்பிடறவங்களுக்கு அளவு கூடக் காட்டும், சொல்லிடுங்க.

கார்டிசால் நெஜமாவே அதிகமா சுரக்கற நோய் இருக்கா?

இருக்கு, குஷிங் நோய், ஆனா அபூர்வம். முகம் உருண்டு செவந்து, பிடரில கொழுப்பு மேடு, வயித்துல அகலமான ஊதா கோடு, தொட்டாலே கன்னிப்போறது, தரைல உக்காந்தா கைய ஊனாம எந்திரிக்க முடியாத அளவுக்கு தொடை பலவீனம். முகம் உப்பினதா கண்ணாடில தோணுறதெல்லாம் இது இல்ல. இந்தக் கோலத்துல ஒருத்தர பாத்தா முதல் கேள்வி, ஸ்டீராய்டு ஏதாவது சாப்பிடறீங்களாங்கறதுதான்.

காரணமே இல்லாம படபடப்பு, வேர்வை, தலைவலி வருது?

பதட்ட நோயா இருக்கலாம், தைராய்டா இருக்கலாம். ஆனா மூணும் சேந்து வந்து வந்து போகுது, அந்த நேரம் பிபி எகிறுதுன்னா அட்ரீனல் உள்பகுதில அட்ரினலின் கொட்டற கட்டியான்னு டெஸ்ட் பண்ணிடறது நல்லது. அபூர்வம்தான், ஆனா ஆபரேஷன்ல எடுத்துடலாம்.

காபி குடிக்கலாமா?

குடிங்க. கார்டிசால கொஞ்சம் ஏத்தும், தினமும் குடிக்கறவங்களுக்கு அந்த ஏத்தம் குறைவு. தூக்கம் வராதவங்க மத்தியானத்தோட நிறுத்திக்கங்க.

அமுக்கரா சாப்பிட்டா கார்டிசால் குறையுமாமே?

சின்ன சின்ன ஆய்வுகள்ல கொஞ்சம் குறைஞ்சிருக்கு. அதே அமுக்கராவால கல்லீரல் பாதிச்சவங்களும் இருக்காங்க. தைராய்டு மாத்திரை சாப்பிடறவங்க, கர்ப்பிணிகள், அட்ரீனல் பிரச்சனை இருக்கறவங்க தானா வாங்கி சாப்பிட வேண்டாம்.

அட்ரீனல் நோயாளி வெளிய போறப்போ என்ன வச்சிருக்கணும்?

ரெண்டு நாளைக்கு அதிகப்படியா மாத்திரை, ஊசி கிட், ஒரு அட்டை. அட்டைல பேர், நோய், "மயங்கிக் கிடந்தா உடனே ஹைட்ரோகார்டிசோன் 100 மில்லிகிராம் ஊசி"ன்னு தமிழ்லயும் இங்கிலீஷ்லயும், டாக்டர் நம்பர், வீட்டு நம்பர். அம்மாவோட அட்டைய லேமினேட் பண்ணி சுருக்குப்பைல வச்சிருக்கோம், வெத்தலை பாக்குக்கு அடில. பஸ்ல ஏறுறதுக்கு முன்னாடி பைய தொட்டுப் பாத்துக்குவாங்க.